எங்கோ அடித்த புயல்

கஞ்சிக்கோட்டில் காற்றுக்குக் குறைவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் அமைந்த ஊராதலின், ஆனி ஆடியில் ஓடுகள் தடதடக்கும். பிழைப்புத் தேடி இங்கு வந்த நாம் அதற்குப் பழகிவிட்டோம். ஆனால், பல்லாயிரம் கல் தொலைவில் அடித்த புயலொன்று எங்கள் அடுக்களை வரை வந்த கதையை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

2017-ஆம் ஆண்டு. என் தங்கையின் கணவர் தவணையில் சிறு லாரி வாங்கி, இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் சரக்கை வாளையாறு வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசென்றார். ஓராண்டுக்கு ஒரே வாடகை என்று ஒப்பந்தம். டீசல் விலை ஏறினால் என் செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. அதைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடச் சொன்னவன் நான்தான்!

அவ்வாண்டு ஜூன் 16 முதல் எரிபொருள் விலை நாடெங்கும் நாள்தோறும் மாறத் தொடங்கியிருந்தது. முன்பு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏறினால் ஊரே பேசும். இப்போதோ சில காசுகளாக, எறும்பு ஊர்வதுபோல் ஏறியது. ஓசையே இல்லை.

ஆகஸ்டு 25 அன்று ‘ஹார்வி’ என்னும் புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையைத் தாக்கியது. அந்நாட்டின் சுத்திகரிப்பு ஆலைகள் அக்கரையில் நெருங்கி நிற்பவை. மொத்தத் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நின்றுபோயிற்று. விந்தை என்னவெனில், அங்கே கச்சா எண்ணெயின் விலை இறங்கியது, பெட்ரோல் விலை ஏறியது! களத்தில் நெல் குவிந்து கிடக்க, அரைக்கும் ஆலை ஓடாமையால் கடையில் அரிசி விலை ஏறுவது போன்றது அது. 2005-இல் வந்த ‘காத்ரீனா’ வேறு விதம். அது கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளையே மூடச் செய்தது. அப்போது கச்சா எண்ணெயே பீப்பாய் எழுபது டாலரைத் தாண்டிற்று.

“மச்சான், கொச்சியிலேயே ஆலை இருக்கிறதே, நமக்கென்ன?” என்றார் தங்கை கணவர். நியாயமான கேள்வி. நம் எண்ணெய் நிறுவனங்கள் உலகச் சந்தையில் பெட்ரோலும் டீசலும் விற்கும் விலையை ஒட்டியே தம் விலையை அமைக்கின்றன. கச்சா எண்ணெயிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் கடந்தே வருகிறது. அப்போதைய பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் அமெரிக்கப் புயல்களையே காரணமாகச் சொன்னார். பழி முழுவதையும் புயலின் தலையில் ஏற்றுவதை நான் ஒப்பவில்லை. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே ஒன்பது முறை உயர்ந்த கலால் வரியும் அவ்விலைக்குள் இருந்ததன்றோ? அக்டோபரில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்கள்.

அதற்குள் அவ்வாண்டு தீபாவளிக்குத் தங்கையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. வாடகையைக் கூட்டிக் கேட்டபோது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினர். குற்றம் சொல்ல வழியில்லை.

மறுபடி ஒப்பந்தம் எழுதியபோது, டீசல் விலை ஏறினால் வாடகையும் ஏறும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள், இறங்கினால் இறங்கும் என்று தங்கள் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள்.