நான் அடித்துவிட்ட சொல்

2013ஆம் வருஷம் ஆடி மாதம், புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்காக நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். "செல்போன் கோபுரத்தால் புற்றுநோய் ஆபத்து இருக்கலாம்: உலக சுகாதார நிறுவனம்" என்பது தலைப்பு. பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க உட்கார்ந்தபோது "இருக்கலாம்" என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். அது இல்லாமல் படித்துப் பார்த்தேன். தலைப்பு நன்றாக நின்றது. ஆயிரம் பிரதி போடச் சொல்லிவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோபுரம் நின்றது எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் மொட்டைமாடியில். கணவர் இறந்து, மகளைக் கட்டிக்கொடுத்த கடன் இன்னும் அடையாத நேரம். மாதாமாதம் கம்பெனி கொடுத்த வாடகையில்தான் கடன் தவணை போய்க்கொண்டிருந்தது. இது தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் இரண்டு பேர் புற்றுநோயில் இறந்தார்கள். ஒருவர் நாற்பது வருஷம் பீடி குடித்தவர். இன்னொரு அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்ததே கோபுரம் வருவதற்கு முந்தைய வருஷம். பரிசோதனைக்கு அவரைத் திருச்சிக்குக் கூட்டிப்போன காரில் நானும் இருந்தேன். ஆனாலும் "எங்கள் தெருவில் மட்டும் இரண்டு உயிர்கள் பலி" என்று நோட்டீஸில் எழுதினேன். துக்கத்தில் இருந்த இரண்டு வீட்டாரும் முதல் கையெழுத்துப் போட்டார்கள். காரணம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று அவர்களுக்கு ஓர் ஆறுதல். அந்த ஆறுதலை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

எனக்கு ஆதாரமாக இருந்தது ஒரு பத்திரிகை நறுக்கு. பிரான்ஸில் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வருவது. அது 2011 மே 31 அன்று ரேடியோ அலைகளை "2பி" என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. சான்று குறைவாக இருக்கிறது, ஆனாலும் தள்ளிவிட முடியவில்லை, வரலாம் என்று பொருள். அந்தப் பட்டியலை ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே பார்த்தேன். அன்றைக்கு அதே 2பி பிரிவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பாகக் காபியும் இருந்தது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் இருந்தன. காபியைப் பிறகு 2016இல்தான் அந்தப் பிரிவிலிருந்து எடுத்தார்கள். பட்டியலில் பார்த்ததை அன்று தெருக்கூட்டத்தில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அடித்த சொல்லோடு தப்பு முடியவில்லை. லியோனில் கூடியவர்கள் முக்கியமாக எடைபோட்டது காதில் வைத்துப் பேசும் போனை. கோபுரத்தைப் போல தூரத்திலிருந்து வரும் அலைகளைப் பற்றி முடிவுக்கு வரப் போதிய சான்றே இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் போனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோபுரத்தை வைத்தேன். போன் என் சட்டைப்பையில் இருந்தது. கோபுரம் டீச்சர் வீட்டு மாடியில் இருந்தது.

ஒரு சாயங்காலம் டீச்சர் கையில் ஒரு பைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிர்வீச்சு அளவு விதிக்குள் இருப்பதாகச் சொல்லும் சான்றிதழ் அதில் இருந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் கோபுரங்களுக்கான வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தார்கள். அந்தக் குறைத்த வரம்புக்கும் கீழேதான் இருந்தது. நான் பைலைப் பிரிக்கவில்லை. அவர் என் நோட்டீஸை எடுத்து மேஜைமேல் விரித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அதே நிதானத்தில் கேட்டார்.

"தம்பி, அவங்க சொன்னத முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன் டீச்சர்."

"இதுல இருக்கறதுதான் அவங்க சொன்னதா?"

"ஆமா டீச்சர்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. என் மனைவி கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நான்கு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய் மனுக் கொடுத்தோம். ஆனால் கோபுரத்தை எடுக்க வைத்தது மனு இல்லை. அந்த நவராத்திரிக்கு டீச்சர் வீட்டுக் கொலுவுக்குத் தெருவிலிருந்து ஒரு பெண்கூடப் போகவில்லை. மூன்று நாள் சுண்டல் செய்து வைத்துக் காத்திருந்தார். நான்காம் நாள் தூக்கில் போட்டுக்கொண்டுபோய்த் தெருமுனைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மார்கழியில் அவரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரும்பைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று தெருவில் வெடி போட்டார்கள். அடுத்த வருஷம் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோபுரக் கூட்டங்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தன, ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது, சில நாள் பத்து வரை. என் மகனுக்கு அப்போது நான்கு வயது. மடியில் ஏறுவான், மனுக் காகிதத்தை இழுப்பான். "அப்பா மீட்டிங்ல இருக்கேன்ல" என்று சொல்லி என் போனை அவன் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவேன். சத்தமே வராது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது, அதனால் ஆபத்து அதிகம் என்று நான் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கதவுக்குப் பின்னால் அவன் போனை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். கூட்டங்கள் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் முடியவில்லை. சாப்பிடப் போன், முடிவெட்டப் போன், சொந்தக்காரர் வீட்டில் அடம்பிடிக்காமல் இருக்கப் போன். 2016க்குப் பிறகு டேட்டாவும் மலிந்துவிட்டது. சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்கும். அவன் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவான், வெளிச்சம் திரையில் அடிக்கிறதென்று.

மூன்றாம் வகுப்பில் கணக்கில் மார்க் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் நோட்டைப் பிரித்தேன். போர்டில் போட்ட கணக்கு 583இல் 268 போக எவ்வளவு என்பது. பக்கத்து வீட்டுப் பையன் நோட்டில் அப்படித்தான் இருந்தது. இவன் 588 என்றும் 263 என்றும் எழுதியிருந்தான். விடை 325. "பார்த்து எழுதக்கூடத் தெரியாதா, கவனம் எங்க இருக்கு?" என்று ஸ்கேலால் புறங்கையில் இரண்டு அடி அடித்தேன். அவன் அழவில்லை. "அப்படித்தாம்பா இருந்துச்சு" என்றான். அதற்காக இன்னொரு அடி அடித்தேன்.

பத்து நாள் கழித்து அவன் வகுப்பு மிஸ் கூப்பிட்டனுப்பினார். போர்டைப் பார்க்க எழுந்து எழுந்து முன்னால் வருகிறான், கண்ணை இடுக்குகிறான், காட்டிப் பாருங்கள் என்றார். கண் ஆஸ்பத்திரியில் அவன் மூக்கில் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் போட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் அவன் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தான். ஒரு கண் மைனஸ் இரண்டேகால், இன்னொன்று மைனஸ் இரண்டரை. வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடி பிரித்தேன். 588இல் 263 போனால் 325தான். அந்தப் பக்கத்தில் இருந்த பத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவன் கண்ணுக்குத் தெரிந்த எண்களுக்கு ஒரு விடைகூடத் தப்பில்லை.

அன்று டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன், போன்தான் காரணமா என்று. "போனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். அம்மாவும் கண்ணாடி போட்டிருக்காங்க. கிட்டத்துலயே பார்த்துக்கிட்டு இருக்கறது, வெளிய விளையாடாதது எல்லாம் சேர்ந்து இருக்கலாம்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவியிடம், "பாத்தியா, இருக்கலாம்னுதான் சொன்னாங்க" என்றேன். அவள் புதுக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பையனுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். நோட்டீஸில் எந்தச் சொல்லை அடித்தேனோ, அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது. அடுத்தவர் மாடி என்றால் "இருக்கலாம்" எனக்கு ஒரு தடங்கல். என் கை என்றால் அதுவே எனக்கு விடுதலைப் பத்திரம்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கிட்டப்பார்வை என்பது கண்ணின் கோளம் பின்பக்கமாக நீண்டுவிடுவது. நீண்டது திரும்பச் சுருங்காது. சீனாவில் குவாங்ஜோ நகரத்தில் பன்னிரண்டு பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெட்டவெளியில் இருக்க வைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு இது. மருந்தும் மாத்திரையும் இல்லாமல், நாற்பது நிமிஷப் பகல் வெளிச்சத்தால் வந்த வித்தியாசம். எங்கள் தெருவில் வெயிலுக்கு என்ன குறை? ஜன்னலைச் சாத்த அவனை விட்டேன்.

கோபுரத்தைப் பற்றிப் படித்தது இன்னும் சுட்டது. பக்கத்தில் கோபுரம் இருந்து சிக்னல் நன்றாக வந்தால், நம் கையிலுள்ள போன் குறைந்த சக்தியில் வேலை செய்யும். சிக்னல் மங்கினால் எட்டாத கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். தலையை ஒட்டி இருப்பது போன். அப்படியென்றால் கோபுரம் போன பிறகு எங்கள் தெருவில் காதுக்குப் பக்கத்தில் கதிர்வீச்சைக் கூட்டிக் கொடுத்தவன் நான்தான். கையில் போன் சுடுகிறது, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று 2014இல் தெருவே புலம்பியது. நானும்தான் புலம்பினேன்.

புற்றுநோய் விஷயம் இப்போது எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2013இல் சொல்லாமல் விட்ட கடன் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2024இல் வந்தது. போன் பேசுவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அதன் முடிவு. டென்மார்க்கில் 3,58,000க்கும் மேற்பட்ட செல்போன் சந்தாதாரர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்விலும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 2018இல் அமெரிக்காவில் எலிகளை வைத்து நடத்திய பெரிய சோதனையில், உடம்பு முழுக்க அதிகக் கதிர்வீச்சு வாங்கிய ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் வந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. அதே எலிகள் கதிர்வீச்சு படாத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. நீளமாகப் பேச வேண்டி வந்தால் நான் இயர்போன் மாட்டிக்கொள்கிறேன், சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது பேச்சைத் தள்ளிப்போடுகிறேன். அந்த அளவு ஜாக்கிரதை போதும் என்பது என் கருத்து.

போனால் உயிர் போகும் என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று இருப்பது சாலையில். வண்டி ஓட்டும்போது போன் பேசினால் மோதும் அபாயம் சுமார் நான்கு மடங்கு என்று கனடாவில் டொரான்டோ ஆராய்ச்சியாளர்கள் 1997இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். மனுக் கொடுக்கப் போன அந்த நான்கு திங்கள்கிழமையும் நான் கழுத்தைச் சாய்த்துத் தோளில் போனை இடுக்கிக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். பின் சீட்டில் எதிர்வீட்டுப் பெரியவர். போனில் பேசியது கோபுரத்தின் ஆபத்தைப் பற்றி.

மகனுக்கு இப்போது பதினாறு வயது. பவர் மைனஸ் நாலரையைத் தாண்டிவிட்டது. ஸ்கேல் அடியைப் பற்றிப் போன மாதம் அவனிடம் பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றான். ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போன் போட்டேன். டீச்சருக்கு எழுபத்தெட்டு வயது, குரல் மட்டும் மாறவில்லை. நோட்டீஸில் ஒரு சொல்லை வேண்டுமென்றே அடித்தேன் என்று சொன்னேன். இறந்துபோன அந்த அம்மாவின் விஷயத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நான் பையனைப் பற்றிச் சொன்னதும், "இப்ப பவர் எவ்வளவு தம்பி?" என்றார். சொன்னேன். "கண்ணாடிய ஒழுங்காப் போடுறானா? ப்ளஸ் ஒன் பையன், வெக்கப்பட்டுக் கழட்டி வச்சிருவான், பாத்துக்கங்க" என்றார். வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது குரல் விட்டு விட்டுக் கேட்டது. எங்கள் தெருவில் இன்னும் அப்படித்தான். மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வீடு தள்ளி அவருடைய மாடி தெரியும். கோபுரத்தின் கால்களுக்காகக் கட்டிய நான்கு சிமென்ட் மேடைகள் அப்படியே இருக்கின்றன. வீட்டை வாங்கியவர்கள் அவற்றின்மேல் பலகை போட்டு வடகம் காய வைத்திருந்தார்கள்.

லைன் கட்டாகியிருந்தது. மறுபடி போட்டேன். ரிங் போனது.