வின்ஆம்ப்பும் ஒரு தையல் கடையும்

பென்னாகரத்தில் ஒரு தையல்காரர். அவர் கடையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெங்களூரில் வேலை பார்த்த தம்பி 2005-ல் வாங்கிக் கொடுத்தது. அதில் வின்ஆம்ப் 2 போட்டு, முன்னூறு இளையராஜா பாட்டை ஏற்றி, காலையில் எது, மத்தியானம் எது, கடை சாத்தும்போது எது என்று வரிசைப்படுத்திக் கொடுத்ததும் தம்பிதான். தம்பி இன்று இல்லை. வரிசை மட்டும் தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மதர்போர்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. கடைக்கு விண்டோஸ் 11 லேப்டாப் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் பாடல்களை அதற்கு மாற்றி, விண்டோஸோடு வந்த பிளேயரில் ஓடவிட்டாள்.

"பாட்டெல்லாம் இருக்குதும்மா. ஆனா உங்க சித்தப்பா போட்ட வரிசை இல்லியே" என்றார் அவர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வின்ஆம்ப்பில் கீபோர்டின் கீழ் வரிசைதான் எல்லாம். இசட் முந்தைய பாட்டு, எக்ஸ் ஓட, சி கொஞ்சம் நிறுத்த, வி முழுசாக நிறுத்த, பி அடுத்த பாட்டு. அளவு கொடுக்க ஆள் வந்தால், அவர் விரல் பார்க்காமலே சி-யைத் தட்டும். புதிய பிளேயரில் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை!

வின்ஆம்ப் கதையே வேடிக்கையானது. 1997-ல் ஜஸ்டின் ஃபிராங்கெல், டிமிட்ரி போல்டிரெவ் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கியது. 1999-ல் ஏஓஎல் வாங்கியது. 2002-ல் வந்த மூன்றாம் பதிப்பு கனமாக இருந்ததால் பலரும் 2-ஐ விடவில்லை. 2003 டிசம்பரில் இரண்டையும் சேர்த்து 5 என்று விட்டார்கள். இரண்டும் மூன்றும் ஐந்து! 2013 டிசம்பரோடு மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2014-ல் ரேடியோனமி வாங்கிக் காப்பாற்றியது. 2022-ல் 5.9 வந்தது. அதையே போட்டிருக்கலாம், பட்டன்களும் மாறவில்லை. ஆனால் அவர் கண்ணுக்குப் பழகியது 2. அதன் செட்டப் ஃபைலும் பழைய டிஸ்க்கிலேயே இருந்தது. கண்ட தளத்தில் இறக்கி வைரஸ் வாங்க வேண்டியதில்லை.

அது 32 பிட் புரோகிராம் என்பதால் 64 பிட் விண்டோஸிலும் ஓடும். (16 பிட் காலத்துச் சமாச்சாரங்கள்தான் ஓடாது.) வழக்கமான புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் போடாமல், சி டிரைவில் தனி ஃபோல்டர் திறந்து போட்டாள். வின்ஆம்ப் 2 தன் செட்டிங்கை எல்லாம் தன் ஃபோல்டரிலேயே எழுதி வைக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத இன்றைய விண்டோஸ் லேசில் விடாது. புதிய திரையில் வின்ஆம்ப் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்த, இரண்டு மடங்கானது.

வரிசை? பிளேலிஸ்ட் ஃபைல் கிடைத்தது, ஆனால் ஒரு பாட்டும் ஓடவில்லை. அதை நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்து. ஒவ்வொரு பாட்டும் டி டிரைவில் இருப்பதாக எழுதியிருந்தது. லேப்டாப்பில் இருப்பதோ சி மட்டும். ஒரே தடவையில் டி-யை எல்லாம் சி ஆக மாற்றினாள். முன்னூறும் எழுந்து நின்றன.

ஒன்று தவிர. ஒரு பாட்டின் பெயரை அழகாகத் தமிழில் மாற்றி வைத்திருந்தாள். வின்ஆம்ப் 2-க்கு யூனிகோட் தெரியாது. அவளுக்குக் கிடைத்தது வெறும் கேள்விக்குறிகள். சித்தப்பா ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாக அடித்திருந்த பெயரையே திரும்ப வைத்தாள். பாட்டு வந்தது.

புது பிளேயர் மோசம் என்று இல்லை. பாட்டு எந்த பிளேயரிலும் ஓடும், எங்கேயும் கிடைக்கும். ஒருவர் போட்டுவிட்டுப் போன வரிசை அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பாருங்கள்.

அன்று சாயங்காலம் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தையல்காரர் திரும்பிப் பார்க்காமலே சி-யைத் தட்டினார். பாட்டு நின்றது.