அம்மா ஏன் தண்ணி குடிக்கல?

1. போன மாசம் எங்க அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். அதுக்கு எங்க வீட்டு மரத்தரையும் ஒரு காரணம்னா நம்புவீங்களா?

2. குன்னூர்ல பழைய வீடு, பலகைத் தரை. ராத்திரி கால் வெச்சாலே கிரீச்சுனு கத்தும். டூட்டி முடிஞ்சு அசந்து தூங்குற புள்ள முழிச்சிடுமேனு, அம்மா சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கல. ஒண்ணுக்கு வந்தாலும் விடியுற வரை அடக்கியிருக்காங்க.

3. ஓபில எல்லாருக்கும் "தண்ணி நிறைய குடிங்க"னு சொல்ற நான், வீட்ல ஏன் குடிக்கலனு கேட்கவே இல்ல.

4. மருந்துல அம்மா தேறினாங்க. தரைக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன். மழையில மரம் ஊதும், காய்ஞ்சா சுருங்கும். அதுல ஆணி பிடி விட்டுடும். மிதிக்கும்போது பலகை ஆணியில உரசுற சத்தம்தான் அது.

5. ஒருத்தர் நடக்க, இன்னொருத்தர் கத்துற இடத்துல சாக்பீஸால குறி போடுங்க. இடுக்குல டால்கம் பவுடர் தூவினா உரசல் குறையும், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். அடியில ஓடுற சட்டம் வரை ஸ்க்ரூ இறக்குறதுதான் நிலையான வழி. ஆணி மறுபடி கழலும். பலகை மெத்துனு அமுங்கினா கரையானோ ஈரமோ இருக்கலாம். அதை மாத்தத்தான் வேணும்.

6. நேத்து ராத்திரி அம்மா எழுந்து போனதே எனக்குத் தெரியல. காலைல பார்த்தா சொம்பு காலி.

7. உங்க வீட்டுப் பெரியவங்க தண்ணி குறைச்சா திட்டாதீங்க. பாத்ரூம் போற வழியில என்ன தடைனு பாருங்க. இருட்டா, வழுக்கலா, சத்தமா?