சீருடையை யார் திருப்பித் தருவது?

அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். வம்பில் மாட்டிய பையன் வேகமாக ஓடுபவனாக இருந்தால், ஏதாவது ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

சில சமயம் அது பலிக்கிறது. 1995இல் பள்ளியில் நடந்த அடிதடிக்காகத் தண்டனை பெற்ற ராண்டி மாஸை நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கைகழுவியது. சேர்த்துக்கொண்ட ஃபுளோரிடா ஸ்டேட்டும் கஞ்சா விவகாரத்தில் வெளியேற்றியது. பயிற்சியாளர் பாப் புரூயட் அவரை மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். 1996இல் மார்ஷல் 15 ஆட்டங்களிலும் வென்று தன் பிரிவில் சாம்பியன் ஆனது. மாஸ் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் மாபெரும் வீரர்களில் ஒருவரானார்.

நெப்ராஸ்காவின் கதை வேறு. 1995 செப்டம்பரில் லாரன்ஸ் பிலிப்ஸ் தன் முன்னாள் காதலியைத் தாக்கினார். பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் அவரை விலக்கிவைத்து, அதே பருவத்தில் திரும்பச் சேர்த்தார். ஆட்டம்தான் அந்த இளைஞரின் ஒரே பிடிமானம் என்பது அவர் வாதம். 1996 ஜனவரியில் நெப்ராஸ்கா ஃபுளோரிடாவை 62-24 என வீழ்த்தியபோது பிலிப்ஸ் ஜொலித்தார். பிறகு வேறு வன்முறை வழக்குகளில் சிறை சென்று, 2016இல் சிறையிலேயே இறந்தார்.

ஆஸ்பர்னின் அக்கறை வெறும் பசப்பு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அடிபட்டவரும் அதே பல்கலைக்கழக மாணவிதான். வழிதவறியவருக்கு வகுப்பில் இடம் தரலாம், ஆலோசனையும் தரலாம். சீருடையை எப்போது திருப்பித் தருவது என்பதை மட்டும், அவர் ஓட்டத்தால் லாபமடையாத ஒருவர் முடிவு செய்யட்டும்.