மந்தைவெளி டு மாடவீதி... வழி: 34 படி!

காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் எழுதப்போவது மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்குப் பக்கத்துச் சந்து வரை போய் வந்த கதை. 'இதுக்குப் போய் ஒரு கட்டுரையா?' என்று, ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறி ஆபீஸ் போகிற தம்பிகள் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் ஃபுட்போர்டில் ஒற்றைக் காலில் தொங்கியவன்தான். அந்த ஒற்றைக் கால்தான் பிற்காலத்தில் கணக்கை நேர் செய்துவிட்டது!

2024 டிசம்பர் 4-ம் தேதி என் இடது முழங்காலைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள். மேல் எலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமியம் தொப்பி, கீழ் எலும்புக்கு டைட்டானியம் தட்டு, நடுவில் உரசாமல் இருக்க உசத்தி பிளாஸ்டிக். மறுநாளே வாக்கரைக் கையில் கொடுத்து, "நடங்க சார்" என்றார்கள். நடந்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை. திரும்பி வருவதற்குள் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

அப்புறம் வீடு. இருபது வருஷம் குடியிருந்த வீட்டில் இவ்வளவு மேடு பள்ளம் இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. பாத்ரூம் நிலைப்படி இரண்டு அங்குலம். அது எனக்கு ஆனைமலை. சோபாவில் உட்காரலாம், எழுந்திருக்க முடியாது. ரிமோட் கீழே விழுந்தால் யாராவது வருகிறவரை அதே சீரியல்தான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சொர்க்கமாக இருக்கும். ஆனால் அது கூடாதாம், கால் மடங்கினபடியே நின்றுவிடுமாம். குதிகாலுக்கு அடியில்தான் வைக்கணும். முட்டி அந்தரத்தில் நிற்க, வலி உச்சந்தலையில் நிற்கும்.

பிசியோதெரபிப் பெண் வாரம் மூன்று நாள் வருவாள். பையில், பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்குமே பாகைமானி, அதற்குப் பெரியண்ணன் மாதிரி ஒன்று. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பாள். முதல் வாரம் 60. பிறகு 75. நாற்காலியிலிருந்து ஒழுங்காக எழுந்திருக்கவே 90-க்கு மேல் வேண்டுமாம். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில்கூட நான் மார்க்குக்கு இப்படி அழுததில்லை. ஆறாவது வாரம் 95 வாங்கியபோது வீட்டில் கேசரி பண்ணினார்கள்! தரையில் சம்மணம் போட்டு உட்கார 130-க்கு மேல் வேணும். "அந்த ஆசையை விட்டுடுங்க சார்" என்றுவிட்டாள்.

மார்கழி முழுக்க இப்படியே போயிற்று. நான் கட்டிலில் கிடந்து சுவரில் பல்லி வேகமாக ஏறுவதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா போன் பண்ணினாள்.

"கனுவுக்கு வராதே. ஜீபே பண்ணிடு, போறும்."

என் அக்காவுக்கு எழுபத்திரண்டு வயசு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கனுவுக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் அவள் 'வராதே' என்று சொன்னது என் காலுக்காக மட்டும் இல்லை, எனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு முட்டியுமே போய்விட்டது. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எட்டு மாசமாக அவள் கீழே இறங்கவே இல்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை விட்டுக் காய்கறி, பால், மாத்திரை எல்லாம் வாங்கிக்கொள்கிறாள். ஆபரேஷன் என்று யாராவது வாயைத் திறந்தால், "முதல்ல என் தம்பி ஏறி வரட்டும், பாக்கலாம்" என்பாளாம். நான் போகாவிட்டால் நானே அவளுக்குச் சாட்சி ஆகிவிடுவேன், ஆபரேஷனுக்கு எதிராக!

ஆகவே 2025 ஜனவரி 15, புதன்கிழமை, ஆபரேஷன் முடிந்து சரியாக ஆறு வாரம்... கிளம்பினேன். டாக்டரிடமும் பிசியோ பெண்ணிடமும் பர்மிஷன் வாங்கிக்கொண்டுதான்.

பஸ்ஸை நினைத்தும் பார்க்கவில்லை. 2024-ல் சென்னைக்குப் புதுசாகத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. பயணிகள் ஏற வசதியாக, ஸ்டாப்பில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கும். பஸ்ஸே மண்டியிடுகிற காலத்தில் என்னால் மண்டியிட முடியவில்லை பாருங்கள்!

ஆட்டோவுக்கு ஒரு டெக்னிக் இருக்கிறது. காலை முதலில் வைக்கக் கூடாது. முதுகைக் காட்டி, முதலில் உட்காரும் பாகத்தை உள்ளே அனுப்பி, அப்படியே பின்னுக்கு நகர்ந்து, கடைசியில் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். கல்யாண சீர் பீரோவை லாரியில் ஏற்றுகிற மாதிரி. டிரைவர் பொறுமைசாலி. "மெதுவா சார், எங்கம்மாவுக்கும் பண்ணிருக்கு" என்றார். வண்டி எடுத்ததும், "ஆர்.கே. மட் ரோடு மெட்ரோ வேலை சார், சுத்திதான் போகணும்" என்றார். சுற்றினோம். வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று. என் முட்டியைக் கேட்டால் ஒவ்வொன்றின் உயரமும் சொல்லும்.

குளக்கரை வந்ததும் ஆட்டோவிலிருந்தபடியே கபாலிக்கு ஒரு கும்பிடு. கிழக்கு கோபுரம் 120 அடி என்று சின்ன வயசிலிருந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அன்றைக்கு எனக்கு அதைவிட அக்கா வீட்டு மாடிதான் உயரமாகத் தெரிந்தது.

சந்துக்குள் ஆட்டோ போகவில்லை. இரண்டு பக்கமும் டூவீலர். வாசலுக்கு வாசல் கலர் கோலம். அறுபது தப்படி நடக்கணும். கோலத்தை மிதிக்காமல் போக முயன்றும் என் கைத்தடி ஒரு வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி கூடுதலாக வைத்துவிட்டது. எதிரில், கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலையோடு ஒரு பசு, நடு ரோட்டில். மாட்டுப் பொங்கல், அதன் நாள். நகரவில்லை. நானும் நின்றேன். அதற்கு நாலு முட்டி, நாலும் ஒரிஜினல். கடைசியில் பெரிய மனசு பண்ணி விலகிக்கொண்டது.

அக்கா குடியிருக்கும் ஃபிளாட்டின் அடிவாரம். மொத்தம் 34 படி. ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். பையன் முதல் நாளே போய் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வந்திருந்தான். ஏழரை! சனி பகவானே படி கட்டியிருக்கிறார்.

மாடி ஏற ஒரே விதி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். "நல்லது மேலோகம், கெட்டது பாதாளம்னு ஞாபகம் வெச்சுக்கங்க" என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். இடது கையில் கைப்பிடிக் கம்பி, வலது கையில் தடி. வலது கால் மேலே. பிறகு இடது காலும் தடியும் அதே படிக்கு. கல்யாணப் பெண் மாதிரி அடி மேல் அடி. பையன் முன்னால் ஓடிப்போய் மேலே நின்று "வாப்பா வா" என்றான். அதட்டிக் கீழே வரவழைத்தேன். தம்பிகளே, இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: அப்பா அம்மாவை மாடி ஏற்றும்போது ஒரு படி கீழே, பின்னால் நில்லுங்கள். இறங்கும்போது ஒரு படி கீழே, முன்னால். மேலே நின்று கை நீட்டினால் போட்டோவுக்குத்தான் அழகு.

பதினேழாவது படியில் முதல் மாடி. யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டூல் போட்டிருந்தார். உட்காரவில்லை. ஸ்டூல் குள்ளம், உட்கார்ந்தால் அங்கேயே குடித்தனம்தான். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். மேலேயிருந்து குரல்.

"மெதுவா வாடா. அவசரமே இல்லை. காக்காயே காத்திண்டிருக்கு."

இருபத்தெட்டாவது படியில் கம்பி முடிந்துவிட்டது. ஏன் முடிந்தது என்று கட்டினவரைத்தான் கேட்கணும். மீதி ஆறு படிக்குச் சுவரைத் தடவினேன். முட்டி மளுக்மளுக்கென்றது. 34!

வாசலில் அக்கா, கதவைப் பிடித்துக்கொண்டு. நான் செருப்பைக் கழற்ற வழி தெரியாமல் நிற்க, "செருப்போடயே வா" என்றாள். மடி, ஆசாரம் என்று எங்களை ஐம்பது வருஷம் ஓட ஓட விரட்டிய அக்கா!

உள்ளே ஊஞ்சல் இருந்தது. ஆடுகிற எதுவும் எனக்கு ஆகாது. பிளாஸ்டிக் நாற்காலி குள்ளம். பையன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நாற்காலியை அடுக்கினான். சிம்மாசனம் மாதிரி ஏறி உட்கார்ந்தேன். மொட்டை மாடிக்குப் போக முடியாததால் அக்கா பால்கனிச் சுவரிலேயே கனுப்பிடி வைத்திருந்தாள். மஞ்சள் இலையில் பாதியைக் காக்கைகள் முடித்துவிட்டிருந்தன. தட்டில் வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்து நீட்டினேன். நமஸ்காரம் பண்ணவில்லை. விழுந்தால் எழுப்ப ஜே.சி.பி. வேண்டும்.

"வலிக்கறதாடா?" என்றாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பொய் ஒன்று வைத்திருந்தேன்: 'ஒண்ணுமே தெரியலைக்கா.' அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"வலிக்கும்க்கா. முதல் ரெண்டு வாரம் ராத்திரி தூக்கமே கிடையாது. ஒரு நாள் அழுதுட்டேன். அவ தூங்கற மாதிரி படுத்திண்டிருந்தா. ஆனா பழைய வலி மாசா மாசம் ஏறிண்டே போச்சே, இது இறங்கிண்டே வரது. வடுவுக்குப் பக்கத்துல தொட்டா இன்னும் மரமரன்னு இருக்கு. வீக்கம் போகவே மாசக்கணக்கு ஆகுமாம்."

"செலவு?"

சொன்னேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்ததையும் சொன்னேன். சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அன்றைக்கு 54,720 ரூபாய், வரி தனி. ஆஸ்பத்திரி பில் வேறு கணக்கு. வாஜ்பாய்கூடப் பிரதமராக இருந்தபோதே 2000-ல் ஒரு முட்டி, 2001-ல் இன்னொரு முட்டி மாற்றிக்கொண்டார் என்று எடுத்துவிட்டேன்.

"அவருக்கென்ன, பிரதம மந்திரி. மாடியேத்தி விட ஆள் இருக்கும்" என்றாள் அக்கா. எழுந்து, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனாள். எட்டு தப்படி. நடுவில் இரண்டு தரம் நின்றாள். ஆறு வாரத்துக்கு முன்னால் நான் நின்ற மாதிரியே.

புளியோதரை, தேங்காய் சாதம், அவியல். பேச்சு வேறெங்கோ போயிற்று. கால் பற்றி அவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தோற்றுப்போனேன் என்றே நினைத்தேன்.

இறங்குவது ஏறுவதைவிடப் பயம். தடி இடது கைக்கு மாறியது. கெட்டது பாதாளம்... கெட்டது பாதாளம்... மேலே அக்கா கதவருகில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. படியை எண்ணுகிறாள் போலிருக்கிறது.

தெருவுக்கு வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "டேய்" என்று பால்கனியிலிருந்து குரல். கயிற்றில் கூடை இறங்கி வந்தது. வழக்கம்போல் ஒரு தூக்கில் புளியோதரை. அதற்குப் பின்னால் நீளமாக, பழுப்புக் கவர் ஒன்று செருகியிருந்தது. பையன் உருவிப் பார்த்தான்.

அக்காவின் முட்டி எக்ஸ்ரே.

"உன் டாக்டர்கிட்ட காட்டு" என்று மேலேயிருந்து சத்தம் போட்டாள். "கவர் பத்திரம். கசங்கினா உனக்குத்தான் உதை!"