மரை பிடிக்கும்வரை விரல்தான்

தம்பி, வீல் நட்டை எப்போதும் விரலால் ஏற்று. மூன்று, நான்கு சுற்று விரலிலேயே ஓட வேண்டும். ஓடவில்லையா, கழற்றிப் பார். மரையில் மண் இருக்கலாம், நட்டு கோணலாக ஏறியிருக்கலாம், நட்டே வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம். நட்டு ஏறுகிற ஸ்டட் மாருதியில் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. ஹூண்டாயும் அதே 12 தான், இடைவெளி மட்டும் 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். விரலுக்கு ஒன்றிரண்டு சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஏர் கன்னுக்குத் தெரியாது. அது மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும். ஒரு பையனுக்கு வேலை வருமா என்று நான் பார்ப்பது இந்த நாலு சுற்றில்தான்.

கடையநல்லூர் வண்டிகளுக்கு ஒரு ஸ்டட் போவது சின்ன விஷயமில்லை. வளைகுடாவுக்குப் போகிறவரை ஏற்றிக்கொண்டு, புளியரை எஸ் வளைவு, ஆரியங்காவு, தென்மலை என்று லாரிகளுக்கு நடுவே திருவனந்தபுரம் வரை ஓடுகிற வண்டிகள். ஒன்று போனாலும் "மூணு நட்டு இருக்குல்லா, பாத்துக்கிடலாம்" என்று கிளம்புகிறார்கள். கிளம்பக் கூடாது. இறுக்கிய ஸ்டட் இழுபட்டு நின்று வீலை ஹப்போடு அமுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் பாரம் தாங்குகிறது. நாலில் ஒன்று போனால் வீல் லேசாக ஆடும், ஆட்டத்தில் மற்றவை வளைந்து வளைந்து ஒடியும். ஒடிந்ததற்குப் பக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வது அதனால்தான்.

ஸ்டட்டை வீட்டிலேயே மாற்றலாம். சமதரையில் நிறுத்தி, மற்ற வீல்களுக்குக் கல் வை. வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கு. தூக்கியபின் ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு கொடு. காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடு. பிரேக் ஹோஸில் பாரம் விழக் கூடாது. டிஸ்க்கை எடுத்துவிட்டு, பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் பின்பக்கமாகத் தட்டி இறக்கு. ஹப்பைத் திருப்பி, பின்னால் இடைவெளி உள்ள இடத்தில் புதியதை நுழை. முன்னால் வாஷர்கள் போட்டு, நட்டின் தட்டைப்பக்கம் வாஷரில் படும்படி இறுக்கினால் ஸ்டட்டின் வரிப்பற்கள் ஹப்பைக் கவ்விக்கொண்டு வரும். தலை முழுதாக உட்கார்ந்ததா என்று பின்னால் தடவிப் பார்.

சில வண்டிகளில் பின்னால் இடமே இராது, ஹப்பையே இறக்க வேண்டும். அப்போது ஒர்க்‌ஷாப்புக்கு விடு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனை நம்பித்தான் ஜனங்கள் வண்டியைக் கொடுக்கிறார்கள்.

வீலை மாட்டும்போது நட்டின் கூம்புப்பக்கம் உள்ளே இருக்கட்டும். எதிரெதிர் நட்டாக இறுக்கு. மரையில் எண்ணெய் வேண்டாம். வழுக்கி, அளவுக்கு மேல் இறுகும். ஆல்ட்டோ போன்ற சிறிய மாருதிக்கு 85 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்பானர்மேல் ஏறி மிதிக்காதே. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி, எல்லா நட்டையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் போ.