கிலோமீட்டருக்கு 653 ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் பனமரத்துப்பட்டிக்கு வந்திருந்தான். வந்த அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது, "பெரியம்மா, உங்க ரிட்டையர்மென்ட் டெபாசிட் எப்ப முடியுது?" என்றான். விஷயம் இதுதான். புதிதாக வாங்கினால் இரண்டு கோடி ஆகிற ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், பதினோரு வருடம் பழையது, 45 லட்சத்துக்கு வருகிறதாம். 30 லட்சம் கடன் கிடைக்கும். மீதி 15 லட்சத்தை நான் கொடுத்தால் மாதாமாதம் திருப்பித் தருவானாம்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவன் அப்பா இல்லாத பிள்ளை. எதற்கும் என்னிடம் வாய் திறந்து கேட்டதில்லை. அதனால் மறுநாளே அவனை இன்னொரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

அந்த வீட்டுக்காரன் என் மாணவன். மல்லூர்ப் பக்கம் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் எழுதவில்லை. கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து கமென்ட்டில் பெயர் போடாதீர்கள், அவனுடைய மாமியாரும் இதைப் படிக்கிறார்.

அவன் அப்பா லாரிக்காரர். நம் சேலம், நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்காரர் வீட்டில் இருக்கும் டைரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிரிப் வாரியாக டீசல், டோல், டிரைவர் பேட்டா, பஞ்சர், எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ரீட்ரேடிங் போனது, எஃப்.சி.க்கு எவ்வளவு ஆனது என்று எல்லாம் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆனால் கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று கேட்டால் பைசாவோடு சொல்வார். மகன் மூன்று வருடத்துக்கு முன்பு 42 லட்சத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். அதற்கு டைரி கிடையாது. பில்கள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடந்தன.

கணக்கு டீச்சர் கையில் கவரைக் கொடுத்தால் சும்மா இருப்பேனா? திண்ணையிலேயே உட்கார்ந்து கூட்டினேன்.

வண்டி வேறு மாநிலப் பதிவு. என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றியதற்கு 4,10,000. (புதுக் காராக இருந்தால் இன்னும் கொடுமை. 2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி மட்டும் 20 சதவீதம்.) மூன்று வருட இன்சூரன்ஸ் 3,90,000. மூன்று சர்வீஸ் 4,60,000. நான்கு டயர் 2,30,000. இரண்டு தடவை பேட்டரி 90,000. நடுவழியில் நின்றதால் பெங்களூருக்கு லாரியில் ஏற்றி அனுப்பியது 60,000. முன்பக்கம் வேகத்தடையில் உரசி உடைந்தது 1,75,000. ஷெட்டில் எலி வயரைக் கடித்தது 2,10,000. ஒரு எலிக்கு!

மொத்தம் 20,25,000 ரூபாய். மூன்று வருடத்தில் ஓடியது 5,400 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 375 ரூபாய் வருகிறது. இதில் பெட்ரோல் இல்லை, கடன் வட்டியும் இல்லை. இப்போது விற்கப்போனால் 27 லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லையாம். அந்த 15 லட்சத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 653 ரூபாய். நான் சேலத்துக்கு விடியல் பயணப் பஸ்ஸில் போகிறேன், டிக்கெட் பூஜ்ஜியம்.

என் தங்கை மகன் விடவில்லை. "இவர் சரியாப் பராமரிக்கல பெரியம்மா" என்றான். மாணவன் சிரித்தான். "தம்பி, நான் ஓட்டவே இல்லீங்களே" என்றான்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. லாரி ஓடினால்தான் தேயும். இந்த வண்டி நின்றாலும் தேய்கிறது. பேட்டரி தானாக இறங்குகிறது. டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிறது, ரப்பரும் இறுகுகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் வயதாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. வண்டியின் விலைதான் 45 லட்சமாக இறங்கியிருக்கிறதே தவிர, அதன் டயரும் பிரேக்கும் இன்னும் இரண்டு கோடி வண்டியின் டயரும் பிரேக்கும்தான். ஃபெராரியில் 355 என்று ஒரு பழைய மாடல். அதற்கு டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். பழையது என்பதற்காக யாரும் கூலியைக் குறைக்கப்போவதில்லை.

"டெண்டுல்கரே ஃபெராரி வச்சிருந்தாரே?" என்றான். வைத்திருந்தார். பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-இல் ஃபியட் கம்பெனி கொடுத்த பரிசு அது. சாவியைக் கொடுத்தவர் ஷூமாக்கர். இந்தியாவுக்குக் கொண்டுவர சுங்கவரி சுமார் 1.13 கோடி. அரசு விலக்குக் கொடுக்க, ஊரெல்லாம் பேச்சாகி, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட்டே அந்த வரியைக் கட்டியது. 2011-இல் சூரத் வியாபாரி ஒருவருக்கு அந்த வண்டி கைமாறியது. இலவசமாக வந்த வண்டியின் கதை இது.

பிறகு என்னை ஒரு சுற்று கூட்டிப்போனான் மாணவன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேலையோடு உள்ளே உட்காருவது கிணற்றில் இறங்குவது மாதிரி. ஆனால் நாமக்கல் ரோட்டில் ஏறி ஒரு மிதி மிதித்தான் பாருங்கள், அந்தச் சத்தம் முதுகுத்தண்டு வழியாக ஏறியது. அறுபத்தாறு வயதில் வாய்விட்டுச் சிரித்தேன். தங்கை மகனைக் குற்றம் சொல்லும் எண்ணம் அப்போதே போய்விட்டது.

திரும்பும்போது ஊர்ச்சாலை. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இந்த வகை வண்டிகளின் அடிவயிறு தரையிலிருந்து நாலைந்து அங்குலம்தான். விதிப்படி போட்ட தடையையே மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டவேண்டும். நம் ஊர்த் தடைகளை யார் அளந்து போட்டார்கள்? ஒவ்வொன்றிலும் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஏற்றினான். அரளிப்பூ மூட்டை ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸெல் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

வீட்டு வாசலில் இரண்டு கையையும் பிடித்து என்னை வெளியே தூக்கிவிட்டான். அப்போது மெதுவாகச் சொன்னான். "டீச்சர், சர்வீஸ் பில்லுக்காக ஒரு லாரிய வித்துட்டேனுங்க. அப்பா ஒரு வார்த்தை கேக்கல." அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் வணக்கம் சொன்னேன். எழுந்து நின்று கும்பிட்டவர், "கணக்குப் போட்டீங்களாம்மா? எவ்வளவு வந்துச்சு?" என்றார். மூன்று வருடமாக மகனிடம் கேட்காததை என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. பேப்பரை நீட்டினேன். கண்ணாடி போட்டு, கீழ்வரியை மட்டும் படித்துவிட்டு, மடித்துத் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

வகுப்பில் உங்களுக்கெல்லாம் லாப நட்டக் கணக்கு போட்டிருக்கிறேன். பழைய வண்டியை இத்தனைக்கு வாங்கி, இத்தனைக்குப் பழுது பார்த்து, இத்தனைக்கு விற்றால் நட்டம் எவ்வளவு? பழுதுச் செலவு ஒரே ஒரு தடவை வரும். அதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன். இவனும் அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவன்தான்.

தங்கை மகன் பஸ் ஏறும்போது அந்தப் பில் கவரை போட்டோ எடுத்துக்கொண்டான். வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெபாசிட் அடுத்த மாதம் 12-ஆம் தேதி முதிர்கிறது.